டிரெய்னரின் நோட்டுப்புத்தகம்: திரும்பிப் பார்த்து எழுதுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கம்பெனிகளில் பயிற்சி கொடுக்கும் வேலையில் 18 ஆண்டுகளாக இருக்கிறேன். முதலில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலை, அப்புறம் ஓ.எம்.ஆரில் ஒரு ஐ.டி. கம்பெனி, இப்போது தனியாக. இந்தத் துறைக்கு 'எல் அண்ட் டி' (லேர்னிங் அண்ட் டெவலப்மென்ட்) என்று பெயர். ஊரில் இதைச் சொன்னால் மேம்பாலம் கட்டும் கம்பெனியில் வேலை என்று நினைத்துக்கொள்கிறார்கள். மரியாதை கூடுகிறது என்பதால் நானும் திருத்துவதில்லை.

இத்துறைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் தவறாமல் சொல்வது, ஒரு நோட்டு வாங்கி, வகுப்பில் நடந்ததைத் திரும்பிப் பார்த்து எழுதுங்கள் (ரிஃப்ளெக்டிவ் ரைட்டிங்) என்பதுதான். உடனே கேள்விகள் வரும். அவற்றையும் என் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ரிஃப்ளெக்டிவ் ரைட்டிங் என்றால் டைரி எழுதுவதுதானே? அதற்கு எதற்குப் புதுப் பெயர்?

டைரி நடந்ததைக் குறித்து வைக்கும். ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை புதுச்சேரியில் எழுதியது அப்படி. எந்தக் கப்பல் வந்தது, கவர்னர் துய்ப்ளே என்ன சொன்னார், ஊரில் என்ன பேச்சு என்று நாள்வாரியாக எழுதினார். வரலாற்றுக்கு அது பொக்கிஷம். ஒரு டிரெய்னருக்கு வேண்டியது வேறு.

"இன்று 22 பேர் வந்தார்கள். புரொஜெக்டர் தகராறு. மதியம் எல்லோருக்கும் தூக்கம்." இது டைரி.

"மதியம் தூங்கினார்கள். சாப்பாட்டின் மேல் பழியைப் போட்டேன். ஆனால் காலையில் நான் 40 நிமிடம் விடாமல் பேசியபோதே மூன்று பேர் போனை எடுத்துவிட்டார்கள். அப்படியென்றால் தூக்கம் 11 மணிக்கே ஆரம்பித்துவிட்டது." நான் சொல்வது இதை.

'பிரதிபலிப்பு எழுத்து' என்று மொழிபெயர்க்கிறார்கள். எனக்கு அதைக் கேட்டால் முகம் பார்க்கும் கண்ணாடிதான் ஞாபகம் வருகிறது. நம்மிடம் 'அசைபோடுவது' என்று நல்ல சொல் இருக்கிறதே. மேயும்போது மாடு அவசர அவசரமாக விழுங்கும், நிழலில் படுத்த பிறகுதான் மெல்லும். பயிற்சி நாளில் நம் நிலைமையும் அதுதான். நின்றுகொண்டு பேசும்போது யோசிக்க நேரம் கிடையாது.

ஒவ்வொரு வகுப்புக்கும் ஃபீட்பேக் ஃபார்ம் வாங்குகிறோமே, அது போதாதா?

போதாது என்று எனக்குப் புரியவைத்தது ஒரு டார்க் ரெஞ்ச்.

தொழிற்சாலையில் இருந்தபோது போல்ட் முறுக்கும் ஆபரேட்டர்களுக்கு அரைநாள் வகுப்பு எடுத்தேன். டார்க் ரெஞ்ச் தெரியாதவர்களுக்கு: தேவையான அளவு இறுகியதும் 'கிளிக்' என்று ஒரு சத்தம் வரும், அங்கே நிறுத்த வேண்டும். அதற்கு மேல் இழுத்தால் போல்ட் அளவுக்கு மீறி இறுகும், நாளடைவில் உடையவும் கூடும். வகுப்பு பிரமாதமாகப் போனது. ஃபீட்பேக் 5க்கு 4.8. இரண்டு வாரம் கழித்து லைன் சூப்பர்வைசர் கூப்பிட்டார். "சார், உங்க பசங்க எல்லாரும் கிளிக்குக்கு அப்புறம் இன்னொரு இழு இழுக்கிறாங்க. வந்து பாருங்க."

வகுப்பில் இதை நான் சொல்லாமல் விட்டேனா? பத்து தடவை சொன்னேன். எனக்கு வந்தது கோபம்தான், அன்று இரவு நோட்டிலும் அந்தக் கோபத்தைத்தான் எழுத உட்கார்ந்தேன். 'நான் என்ன சொன்னேன்' என்று வார்த்தை வார்த்தையாக எழுதிப் பார்த்தபோது பேனா நின்றது. "கிளிக் சத்தம் கேட்டதும் நிறுத்துங்கள்." டிரெய்னிங் ரூம் ஏ.சி. போட்ட அமைதியான அறை. லைனில் கம்ப்ரெசரும் கன்வேயரும் போடும் இரைச்சலில் எல்லோர் காதிலும் இயர்பிளக். காதை அடைத்துக்கொண்டிருப்பவரிடம் சத்தத்தைக் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.

கிளிக் காதில் மட்டும் விழுவதில்லை. கைப்பிடியில் ஒரு சிறு உதறலாகவும் தெரியும். அடுத்த பேட்ச்சுக்கு எல்லோரையும் இயர்பிளக் மாட்டச் சொல்லி, கையால் உணர்ந்து நிறுத்தப் பழக்கினேன். ஸ்லைடில் 'கேளுங்கள்' என்று இருந்த சொல்லை அடித்துவிட்டு 'கையில் உணருங்கள்' என்று போட்டேன். அந்த ஒரு சொல்லை எந்த ஃபீட்பேக் ஃபார்மும் எனக்குக் கொடுத்திருக்காது. பங்கேற்பாளர்களுக்கே அது தெரியாதே!

டொனால்ட் கிர்க்பாட்ரிக் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1959இல் பயிற்சியை மதிப்பிட நான்கு படிகளைச் சொன்னார். பிடித்ததா, கற்றார்களா, வேலையில் செய்கிறார்களா, பலன் வந்ததா என்பவை அவை. நாம் வாங்கும் ஃபார்ம் முதல் படியைத் தாண்டுவதில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் நடந்த 'டிரெய்னிங் வித்தின் இண்டஸ்ட்ரி' திட்டத்தில் சூப்பர்வைசர்களுக்கு ஒரு வாசகம் கொடுத்திருந்தார்கள்: தொழிலாளி கற்கவில்லை என்றால் பயிற்றுநர் கற்பிக்கவில்லை. கேட்கக் கொஞ்சம் அநியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் எழுத உட்காரும்போது அந்த அநியாயத்தை ஏற்றுக்கொண்டு ஆரம்பித்தால் ஏதாவது கிடைக்கிறது.

எழுதினால் பலன் உண்டு என்பதற்கு ஆதாரம் இருக்கிறதா, அல்லது நம்பிக்கைதானா?

நம் பக்கத்திலேயே நடந்த ஒரு ஆய்வு இருக்கிறது. பெங்களூரில் விப்ரோவில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கான பயிற்சியில் ஒரு குழுவினரிடம், நாளின் கடைசி 15 நிமிடம் வேலையை நிறுத்திவிட்டு அன்று கற்றதை எழுதச் சொன்னார்கள். மற்றவர்கள் அந்த 15 நிமிடமும் வேலையைத் தொடர்ந்தார்கள். பயிற்சி முடிவில் நடந்த தேர்வில் எழுதிய குழுவின் மதிப்பெண் சுமார் 23 சதவீதம் அதிகம். 2014இல் ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல் ஆய்வறிக்கையாக இது வெளியானது.

இதை மேடையில் சொல்லிக் கைதட்டல் வாங்கும் முன் இரண்டு விஷயங்கள். ஆய்வாளர்கள் நால்வரில் ஒருவரான பிரான்செஸ்கா ஜினோவின் வேறு சில கட்டுரைகளின் தரவு பற்றி 2023 முதல் பெரிய சர்ச்சை. அவர் குற்றச்சாட்டை மறுக்கிறார், ஹார்வர்டு 2025இல் அவருடைய நிரந்தரப் பணியுரிமையை ரத்து செய்தது. சர்ச்சைக்குள்ளான கட்டுரைகளில் இது இல்லை. என்றாலும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது, கேட்கிறவர்கள் கேட்பார்கள். அப்புறம், இந்த ஆய்வு அளந்தது பயிற்சி பெறுபவர்களின் தேர்வு மதிப்பெண்ணை. ஒரு டிரெய்னர் பத்து வருடம் எழுதினால் என்ன ஆவார் என்பதை யாரும் இப்படி அளந்து நான் பார்த்ததில்லை. அதற்கு என்னிடம் இருப்பது டார்க் ரெஞ்ச் மாதிரியான கதைகள்தான்.

திரும்பிப் பார்க்க கிப்ஸ், கோல்ப், ஷோன் என்ற கல்வியாளர்கள் ஆளுக்கு ஒரு மாடல் சொல்கிறார்கள். எதைப் பின்பற்றுவது?

எதையாவது ஒன்றை. இதில் நேரத்தை வீணாக்காதீர்கள்.

கோல்பின் சுழற்சி (1984) நான்கு கட்டம், கிப்ஸின் சுழற்சி (1988) ஆறு கட்டம். பரீட்சைக்குப் படிக்கிறவர்களுக்குக் கட்டங்கள் உதவும். ராத்திரி 9 மணிக்குக் களைத்துப்போய் உட்காருகிறவருக்கு ஆறு கட்டம் என்பது ஆறு சாக்கு. டொனால்ட் ஷோன் 1983இல் எழுதிய நூல் மட்டும் சற்று வேறு. வேலை நடந்துகொண்டிருக்கும்போதே யோசிப்பது, முடிந்த பிறகு யோசிப்பது என்று அவர் இரண்டாகப் பிரித்தார். முதல் வகைக்கு ஜாஸ் கலைஞர்களைக் காட்டினார். நமக்கு, பாடகர் நிரவலில் எந்தப் பக்கம் திரும்புகிறார் என்று பார்த்துக்கொண்டே வாசிக்கும் மிருதங்கக்காரர் என்றால் சட்டென்று புரியும். வகுப்பில் முகங்கள் வாடும்போதே பாடத்தை மாற்றுகிற டிரெய்னரும் அந்த வகைதான். அந்தத் திறமை எல்லோருக்கும் பிறவியில் வருவதில்லை. எனக்கு, முடிந்த பிறகு யோசித்து யோசித்துத்தான் நடக்கும்போதே யோசிப்பது கொஞ்சமாவது வந்தது.

வெள்ளைத் தாளைப் பார்த்தால் ஒன்றுமே வரவில்லை. என்ன எழுதுவது?

முழு நாளையும் எழுத நினைப்பதால்தான் வரவில்லை. நாளிலிருந்து ஒரே ஒரு கணத்தை எடுங்கள். நீங்கள் எதிர்பார்த்ததற்கு மாறாக ஏதாவது நடந்த கணம். எல்லோரும் சிரிப்பார்கள் என்று சொன்ன ஜோக்குக்கு ஒருவரும் சிரிக்காதது கூடச் சரி.

பிறகு மூன்று கேள்விகள்: என்ன நடந்தது? அதனால் என்ன? இனி என்ன? டெரி போர்ட்டன் என்ற அமெரிக்க ஆசிரியர் 1970இல் சொன்னவை இவை. பின்னாளில் செவிலியர் கல்வியில் பரவலாகப் பயன்பட்டன. என் பழைய நோட்டிலிருந்து ஒரு பக்கத்தை அப்படியே தருகிறேன். புதியவர்களுக்கு மின்னஞ்சல் எழுதக் கற்றுத்தந்த நாள்.

"என்ன நடந்தது: 'டவுட் இருக்கா?' என்று கேட்டேன். 24 பேரும் கப்சிப். டீ பிரேக்கில் இரண்டு பேர் தனித்தனியாக வந்து ஒரே சந்தேகத்தைக் கேட்டார்கள்.

அதனால் என்ன: சந்தேகம் இருந்திருக்கிறது. கேட்க முடியவில்லை. பின்வரிசையில் மேனேஜர். அவர் காதுபட 'தெரியாது' என்று யார் சொல்வார்கள்? அவரை வந்து உட்காருங்கள் என்று அழைத்ததே நான்தான், பேட்ச்சுக்குக் கெத்தாக இருக்கும் என்று.

இனி என்ன: மேனேஜர் முதல் 10 நிமிடம் பேசிவிட்டுக் கிளம்ப வேண்டும், முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். 'டவுட் இருக்கா' கூடாது. சீட்டு கொடுத்து ஆளுக்கு ஒரு சந்தேகம் எழுதி வாங்க வேண்டும்."

அவ்வளவுதான். எழுத 12 நிமிடம் ஆகியிருக்கும். மூன்றாவது பத்தியைப் பாருங்கள். நாளைக்கே செய்யக்கூடிய காரியம் அதில் இருக்கிறது. 'இன்னும் ஈடுபாட்டோடு நடத்த வேண்டும்' என்று எழுதியிருந்தால் அதை வைத்துக்கொண்டு அடுத்த நாள் காலை நான் என்ன செய்வேன்?

எப்போது எழுதுவது? வகுப்பு முடிந்தால் பேசக்கூடத் தெம்பில்லை.

வீட்டுக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் போனில் நான்கு வரி தட்டிவிடுங்கள். தூங்கி எழுந்தால் நினைவு தன்னைத்தானே இஸ்திரி போட்டுக்கொள்ளும், மடிப்பெல்லாம் போய்விடும். விரிவாக எழுதுவதை மறுநாள் வைத்துக்கொள்ளலாம்.

இதைவிட முக்கியமான ஒன்று, வகுப்புக்கு முன்னால் எழுதும் இரண்டு வரி. 'இந்த பேட்ச் எங்கே திணறும் என்று நினைக்கிறேன்? ஏன்?' பெரும்பாலோர் இதைச் செய்வதில்லை. ஏன் முக்கியம் என்றால், நடந்து முடிந்த பிறகு 'எனக்கு அப்பவே தெரியும்' என்று மனசு சொல்லும். அது பொய் சொல்கிறது என்பதுகூட நமக்குத் தெரியாது. 1972இல் அமெரிக்க அதிபர் நிக்சன் பீகிங்குக்கும் மாஸ்கோவுக்கும் போவதற்கு முன், என்னென்ன நடக்க எவ்வளவு வாய்ப்பு என்று மாணவர்களிடம் ஊகம் கேட்டு எழுதி வாங்கினார்கள், பரூக் ஃபிஷாஃப், ரூத் பெய்த் என்ற இரு ஆய்வாளர்கள். பயணங்கள் முடிந்தபின், அப்போது நீங்கள் எவ்வளவு வாய்ப்பு கொடுத்தீர்கள் என்று நினைவிலிருந்து சொல்லச் சொன்னார்கள். நடந்த விஷயங்களுக்கு, உண்மையில் கொடுத்ததைவிட அதிக வாய்ப்பு கொடுத்ததாகவே பலரும் நினைவுகூர்ந்தார்கள். 1975இல் வந்த ஆய்வு அது.

ஒருமுறை நான் எழுதியது: 'எக்செல் ஃபார்முலாவில் திணறுவார்கள்.' நடந்தது என்ன? ஃபார்முலாவை ஊதித் தள்ளினார்கள். பாஸ்வேர்டு மறந்து லாகின் செய்ய முடியாமல் முக்கால் மணி நேரம் போனது. முன்கூட்டி எழுதாமல் இருந்திருந்தால், 'லாகின் பிரச்சினை வரும்னு நான் அப்பவே நினைச்சேன்' என்று சத்தியம் செய்திருப்பேன்.

தமிழில் எழுதலாமா? வேலை முழுக்க ஆங்கிலத்தில்தானே நடக்கிறது?

எந்த மொழியில் உங்களுக்குக் கோபம் வருமோ அந்த மொழியில் எழுதுங்கள். நான் கொஞ்ச காலம் ஆங்கிலத்தில் எழுதினேன். எழுதியதெல்லாம் மேலதிகாரிக்கு அனுப்பும் மின்னஞ்சல் மாதிரியே இருந்தது, ஒரே நாகரிகம். 'பயமாக இருந்தது' என்று தமிழில் எழுத வந்த இடத்தில், ஆங்கிலத்தில் 'சவாலாக இருந்தது' என்று எழுதியிருக்கிறேன். தங்கிலீஷில் எழுதினாலும் சரிதான், யார் திருத்தப் போகிறார்கள்? கையால் எழுதுவதா, போனிலா என்பதும் உங்கள் வசதி.

எழுத ஆரம்பித்தால் புலம்பலாகவே வருகிறது. அது தப்பா?

தப்பில்லை, முதல் பக்கம் புலம்பலாக இருக்கட்டும். மனபாரத்தை எழுதி இறக்குவது பற்றித் தனியாகவே ஆய்வுகள் உண்டு. ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் 1986இல் மாணவர்களை நான்கு நாள், நாளைக்கு 15 நிமிடம், தங்களை வதைத்த அனுபவத்தை எழுதவைத்தார். ஆனால் அதன் நோக்கம் வேறு. தொழிலில் வளர எழுதுகிறவர் புலம்பலோடு நின்றால் அடுத்த பேட்ச்சிலும் அதே இடத்தில்தான் நிற்பார்.

நான் செய்யும் சின்ன வேலை ஒன்று உண்டு. எழுதியதில் 'அவர்கள்' என்று ஆரம்பிக்கும் வாக்கியங்களுக்குக் கீழே கோடு போடுவேன். 'அவர்கள் கவனிக்கவில்லை.' 'அவர்கள் நேரத்துக்கு வரவில்லை.' ஒவ்வொன்றையும் 'நான்' என்று ஆரம்பித்துத் திரும்ப எழுதுவேன். 'நான் 9 மணி என்று சொல்லிவிட்டு 9:20க்குத்தான் ஆரம்பிப்பேன் என்பது அவர்களுக்குத் தெரியும்.' சில வாக்கியங்கள் மாறவே மாறாது. உண்மையிலேயே அவர்கள் தப்புதான். அதையும் தெரிந்துகொள்வது நல்லதுதானே, வீணாக நம்மையே குத்திக்கொள்ள வேண்டாம்.

இதனால் பதவி உயர்வு வருமா? நேராகச் சொல்லுங்கள்.

நோட்டைக் காட்டி யாருக்கும் பதவி உயர்வு கிடைத்ததில்லை. ஆனால் என் வேலையின் தரமே மாறியது ஒரு நோட்டுப் பக்கத்தால்தான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பயிற்சித் துறையில் பெரும்பாலோர் ஓட்டல் சர்வர் மாதிரி வேலை செய்கிறோம். பிசினஸ் ஆட்கள் வந்து 'ஒரு டைம் மேனேஜ்மென்ட், ஒரு லீடர்ஷிப், சீக்கிரம்' என்பார்கள். நாம் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடுவோம். கிறிஸ் ஆர்ஜிரிஸ் என்ற பேராசிரியர் ஒரு பயிற்சி சொல்லிக்கொடுத்தார். தாளை இரண்டாகப் பிரித்து, வலப்பக்கம் பேசியதை எழுத வேண்டும், இடப்பக்கம் மனசுக்குள் ஓடி, வெளியே சொல்லாததை எழுத வேண்டும். ஐ.டி. கம்பெனியில் இருந்தபோது ஒரு மீட்டிங்கை அப்படி எழுதினேன்.

வலப்பக்கம்: "இரண்டு நாளெல்லாம் ஆளை விட முடியாது. இரண்டு மணி நேரத்தில் முடியுங்கள்." "சரி சார், பார்த்துக்கறேன்."

இடப்பக்கம்: "இரண்டு மணி நேரத்தில் ஒன்றும் ஆகாது. முடியாது என்று சொன்னால் அடுத்த தடவை வெளியாளைக் கூப்பிடுவார். உண்மையில் இவர் டீமுக்குப் பயிற்சியே வேண்டாம். வேலை பங்கீடுதான் குளறுபடி."

இடப்பக்கத்தில் இருந்ததுதான் என் தொழிலறிவு. அந்த வருஷத்தில் மட்டும் இப்படி நான்கு மீட்டிங்குகளை எழுதியிருந்தேன். நான்கிலும் வலப்பக்கக் கடைசி வரி ஒன்றுதான்: "சரி சார், பார்த்துக்கறேன்." வெட்கமாகிவிட்டது. ஐந்தாவது மீட்டிங்கில் 'சரி சார்' வாய்வரை வந்தபோது வேறொன்று கேட்டேன். "இது முடிந்த அடுத்த திங்கட்கிழமை அவர்கள் எதை வேறு மாதிரி செய்ய வேண்டும் சார்?" அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். பேச்சு அரைமணி நேரம் நீண்டது. கடைசியில் வகுப்பே வேண்டியிருக்கவில்லை, எல்லோர் மேஜையிலும் இருக்கும்படி ஒரு பக்கச் சரிபார்ப்புப் பட்டியல் போதுமானதாக இருந்தது. அதற்குப் பிறகு அந்தப் பிரிவின் திட்டமிடல் கூட்டங்களுக்கே என்னைக் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

இன்டர்வியூவுக்கும் உதவும். 'நீங்கள் தோற்ற ஒரு சந்தர்ப்பத்தைச் சொல்லுங்கள்' என்று கேட்டால் பெரும்பாலோர் 'நான் அளவுக்கு மீறி உழைக்கிறேன்' வகையறா பதிலைச் சொல்வார்கள். நோட்டு வைத்திருக்கிறவரிடம் தேதியோடு கதை இருக்கும், அடுத்த பேட்ச்சில் என்ன மாற்றினார் என்பதும் இருக்கும். அப்ரைசல் மாதம் வந்தால் வருஷம் முழுக்க என்ன செய்தோம் என்று தலையைச் சொறிய வேண்டியதும் இல்லை.

நான் வகுப்பே எடுப்பதில்லை, இ-லேர்னிங் பாடம் தயாரிக்கிறேன். எனக்கு இது பொருந்துமா?

உங்களுக்குக் 'கணம்' கிடையாது, முடிவுகள் உண்டு. ஏன் 12 நிமிட வீடியோ வைத்தீர்கள்? ஏன் க்விஸ் கடைசியில் இருக்கிறது? முடிவெடுக்கும் நாளிலேயே காரணத்தை ஒரு வரியில் எழுதிவையுங்கள். பாடம் வெளியாகி ஒரு மாதம் கழித்து எல்.எம்.எஸ். (யார் எவ்வளவு படித்தார்கள் என்று பதிவுசெய்யும் மென்பொருள்) அறிக்கையோடு ஒப்பிடுங்கள். பல காரணங்களுக்குக் கீழே 'போன தடவையும் அப்படித்தான் செய்தோம்' என்பது ஒளிந்திருக்கும்.

கேரி கிளைன் என்ற உளவியலாளர் 2007இல் எழுதிய 'பிரீமார்ட்டம்' உத்தியும் உங்களுக்குத் தோதானது. வேலை ஆரம்பிக்கும் முன்னே, இந்தப் பாடம் படுதோல்வி அடைந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு, ஏன் தோற்றது என்று எழுதுவது. அபசகுனம் மாதிரி இருக்கும், ஆனால் வேலை செய்கிறது.

கம்பெனி விஷயங்களை எழுதினால் மாட்டிக்கொள்ள மாட்டேனா?

கவனம் தேவை. பங்கேற்பாளர் பெயர் வேண்டாம், 'முன்வரிசை நீலச்சட்டை' போதும். வாடிக்கையாளர் பெயர், எண்கள், யாருடைய உடல்நிலை, சம்பளம் எதுவும் வேண்டாம். கம்பெனி லேப்டாப்பில் எழுதாதீர்கள். வேலையை விடும் நாளில் லேப்டாப்போடு நோட்டும் போய்விடும், அதற்கு முன்னாலேயே வேறு யாராவது படிக்கவும் வாய்ப்புண்டு.

பிரிட்டனில் செவிலியர்கள் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கும்போது ஐந்து பிரதிபலிப்புக் குறிப்புகள் எழுத வேண்டும். 2016 முதல் நடைமுறை. நோயாளியை அடையாளம் காட்டும் எதுவும் அவற்றில் இருக்கக் கூடாது. உயிர் சம்பந்தப்பட்ட வேலையிலேயே பெயரில்லாமல் எழுத முடிகிறது என்றால், மின்னஞ்சல் வகுப்பைப் பற்றி நாம் எழுத முடியாதா?

எங்கள் மேனேஜர் வாராவாரம் எழுதிச் சமர்ப்பிக்கச் சொல்கிறார். நல்லதுதானே?

எனக்கு உடன்பாடில்லை. பி.எட். படித்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். டீச்சிங் பிராக்டிஸ் காலத்தில் ரிஃப்ளெக்டிவ் ஜர்னல் எழுத வேண்டும், சீனியரின் நோட்டு கைமாறிக் கைமாறி வரும், எல்லா வருஷமும் எல்லோருக்கும் ஒரே ஞானோதயம். மார்க் போடுகிறவர் படிப்பார் என்று தெரிந்ததும் எழுத்து அவருக்காகத் திரும்பிவிடுகிறது.

உங்கள் மேனேஜர் விடாப்பிடியாக இருந்தால், நோட்டை உங்களோடு வைத்துக்கொண்டு, அதிலிருந்து 'இந்த வாரம் மாற்றிய ஒன்று' என்பதை மட்டும் கொடுங்கள். அவருக்கும் அது போதும்.

டீமாகச் சேர்ந்து செய்ய முடியாதா?

முடியும், எழுதிவிட்டுப் பேசினால். அமெரிக்க ராணுவத்தில் பயிற்சிப் போர் முடிந்ததும் 'ஆஃப்டர் ஆக்‌ஷன் ரிவ்யூ' என்று உட்காருவார்கள். என்ன நடக்க வேண்டியிருந்தது, என்ன நடந்தது, ஏன் வித்தியாசம், அடுத்த முறை என்ன என்று பேசுவார்கள். நம் ஆபீஸில் நேராகப் பேச ஆரம்பித்தால் சீனியர் சொல்வதற்கு எல்லோரும் தலையாட்டுவார்கள். அதனால் முதல் ஐந்து நிமிடம் எல்லோரும் மௌனமாக எழுத வேண்டும், பிறகு ஜூனியரிலிருந்து படிக்க வேண்டும். அறையில் மூத்தவர் நீங்கள் என்றால், படிக்கும்போது உங்கள் சொதப்பலையும் ஒளிக்காமல் படியுங்கள். அடுத்த வாரம் மற்றவர்களுக்கும் தைரியம் வரும்.

ஏஐயிடம் சொன்னால் அழகாக எழுதித் தருகிறதே?

தரும். ஆனால் டார்க் ரெஞ்ச் பற்றி எழுதும்போது பேனா நின்றதே, அந்த இடம் எனக்குக் கிடைத்திருக்காது. நீங்கள் எழுதி முடித்த பிறகு, 'இதில் நான் எதைக் கேட்காமல் விட்டேன்' என்று அதைக் கேள்வி கேட்கச் சொல்லலாம், அதுவும் மேலே சொன்ன பெயர், எண் எதுவும் இல்லாமல்.

இரண்டு வாரம் எழுதினேன், விட்டுப்போய்விட்டது.

நானும் ஏழெட்டு தடவை விட்டிருக்கிறேன். ஒருமுறை எட்டு மாதம். விட்ட நாட்களை ஈடுகட்ட உட்காராதீர்கள், அடுத்த வகுப்பிலிருந்து எழுதுங்கள். தினமும் எழுத வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. மாதத்துக்கு மூன்று நல்ல பக்கம் வந்தாலே நிறைய.

எழுதியதைத் திரும்பப் படிப்பதே இல்லை. பரவாயில்லையா?

இங்கேதான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். ஒவ்வொரு பக்கமும் தனித்தனியாகப் பார்த்தால் அந்தந்த நாளின் விபத்து மாதிரி இருக்கும். 20 பக்கத்தைச் சேர்த்துப் படித்தால்தான் உங்கள் குணம் தெரியும். மூன்று மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிவப்புப் பேனாவோடு உட்காருங்கள். திரும்பத் திரும்ப வரும் வார்த்தையைச் சுழியுங்கள். 'இனி என்ன' என்று எழுதியவற்றில் எத்தனையை நிஜமாகவே செய்தீர்கள் என்று பாருங்கள். முதல் தடவை எனக்குப் பாதிக்கும் கீழே.

அந்த முதல் ஞாயிற்றுக்கிழமை நான் சுழித்த வார்த்தை 'நேரம் போதவில்லை'. மூன்று மாதத்தில் 11 தடவை. ஒவ்வொரு தடவையும் காரணம் வேறு: டீ தாமதம், கேள்வி அதிகம், கரண்ட் போனது. 11 காரணத்தையும் வரிசையாகப் பார்த்தபோது சிரிப்பு வந்தது. ஒருநாள் பாடத்தில் ஒன்றரை நாள் சரக்கை அடைத்து வைத்திருந்தேன், அவ்வளவுதான். அன்றே உட்கார்ந்து 90 ஸ்லைடில் 34ஐ எடுத்தேன். ஒவ்வொன்றையும் எடுக்கும்போது, 'இது இல்லாமல் எப்படி?' என்று மனசு அடித்துக்கொண்டது. பயந்துபோய்த் தனி ஃபோல்டரில் பத்திரமாகச் சேமித்து வைத்தேன், யாராவது கேட்டால் கொடுக்கலாம் என்று. இத்தனை வருஷத்தில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.